சாவி கைக்கு வர்றது பாதி தூரம்தான்

மாசம் 1,700 டாலர் வாடகைய பத்து வருஷமா ஒரு மாசம் கூட தவறாம கட்டினவங்களுக்கு மாசம் 1,500 டாலர் லோன் கட்ட தகுதி இல்லைன்னு லோன் ஆபீசர் ஸ்பீக்கர் போன்ல சொல்றத பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். கேக்கவே ஆத்திரமா வரும். அமெரிக்காவுல சுமாரான சம்பளத்துல இருக்கறவங்க முதல் வீடு வாங்கறதுல எங்க மாட்டிக்கறாங்கங்கறது இதுலயே தெரிஞ்சிடும். மாசாமாசம் கட்டற சக்தி அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, வேற ஒருத்தர் வீட்டுக்கு அத கட்டிட்டேதான் இருக்காங்க. இல்லாதது உள்ள நுழையறதுக்கான மொத்தப் பணமும், கேட்ட நேரத்துல எடுத்து நீட்ட பேப்பரும், அந்த பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பொறுமையா சொல்லித்தர ஒரு ஆளும்.

கணக்கு போட்டே பாப்போம். 2,50,000 டாலர் வீடு, நான் இருக்கற அட்லாண்டா பக்கம் இப்போ இது ரொம்ப சாதாரண வீடு. 20 சதவீதம் டவுன் பேமெண்ட்னா 50,000 டாலர், அதெல்லாம் பள்ளிக்கூட சமையலறையில வேலை பாக்கறவங்க நினைச்சே பாக்க முடியாது. சரி, மத்திய அரசு உத்தரவாதம் குடுக்கற எஃப்.ஹெச்.ஏ. லோன்ல 3.5 சதவீதம் போதும், 8,750 டாலர். அதோட முடிஞ்சுதான்னா இல்ல, வீட்ட எழுதி வாங்கற அன்னிக்கு கட்ட வேண்டிய க்ளோசிங் காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டைட்டில் இன்ஷூரன்ஸ், வக்கீல் ஃபீஸ், அப்ரைசல், முன்கூட்டியே எடுத்து வைக்கற பிராப்பர்டி டாக்ஸ், வீட்டு இன்ஷூரன்ஸ்னு வரிசையா வந்து விலையில 2 சதவீதத்துல இருந்து 5 சதவீதம் வரைக்கும் போயிடும், அதாவது இன்னொரு 5,000ல இருந்து 12,500 டாலர். வாடகையும் கட்டிட்டு, பிள்ளைங்களயும் வளத்துட்டு, கார் ரிப்பேரும் பாத்துட்டு இந்த பணத்த ஒருத்தங்க சேத்து முடிக்கறதுக்குள்ள வீட்டு விலை இன்னும் மேல போயிடுது. சேக்கறவங்க பின்னாலயே நிக்கறாங்க.

இங்கதான் லாப நோக்கமில்லாத அமைப்புகள் வர்றாங்க. நான் தொழில்ல அக்கவுண்டண்ட். ஆபீஸ்ல இருந்து ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டிங்கற தொண்டு அமைப்போட வீடு கட்ட ஒரு சனிக்கிழமை கூட்டிட்டு போனாங்க, அதுல ஆரம்பிச்சு இப்போ ஒரு ஹவுசிங் கவுன்சிலிங் ஏஜென்சில நேரம் கிடைக்கறப்போ போய் உக்காந்து பேங்க் ஸ்டேட்மெண்ட் படிக்க உதவி பண்றேன். இத்தன நாள் பாத்ததுல ஒரு விஷயம் எனக்கு உறுதியா தோணுது. வீடு வாங்க வைக்கறது பெருசில்ல, 2005ல எல்லாருக்கும் லோன் குடுத்து வீடு வாங்க வெச்சாங்களே, 2008ல என்ன ஆச்சு? கடன் கட்ட முடியாம எத்தன பேர் வீட்ட இழந்தாங்க! வாங்கின வீடு அஞ்சு வருஷம் பத்து வருஷம் கழிச்சும் அவங்க கையிலயே இருக்கான்னு பாக்கற அமைப்புதான் நிஜமான அமைப்பு. மத்ததெல்லாம் சாவி குடுத்து போட்டோ எடுக்கறதோட நின்னுடுது.

முதல்ல கவுன்சிலிங் பத்தி சொல்றேன், ஏன்னா இது வெளிய யாருக்கும் தெரியாத வேலை. ஹட்னு சொல்ற மத்திய வீட்டு வசதித் துறை அங்கீகாரம் குடுத்த ஏஜென்சிகள் நாடு முழுக்க இருக்கு, பெரும்பாலும் இலவசம், இல்லைன்னா சின்ன ஃபீஸ். எட்டு மணி நேர வகுப்பு ஒண்ணு நடத்துவாங்க, அதுக்கப்புறம் தனித்தனியா உக்காந்து ஒவ்வொருத்தர் கதையயும் பாப்பாங்க. ஜார்ஜியா மாநில அரசோட ஜார்ஜியா ட்ரீம் திட்டத்துல டவுன் பேமெண்டுக்கு வட்டியில்லா ரெண்டாவது கடன் குடுக்கறாங்க, வீட்ட வித்தாலோ ரீஃபைனான்ஸ் பண்ணாலோ திருப்பி கட்டினா போதும், ஆனா அதுக்கும் வகுப்பு முடிச்ச சர்ட்டிஃபிகேட் வேணும். நெறைய பேர் அந்த சர்ட்டிஃபிகேட்டுக்காகத்தான் வர்றாங்க. வந்தப்புறம்தான் மீதி விஷயம் புரியுது.

நான் கூட இருந்து பாத்த ஒருத்தங்க, பள்ளிக்கூட சமையலறையில வேலை, வார கடைசியில வீட்லயே முடி பின்னி விடுவாங்க. ஒரு ஷூ டப்பா நெறைய காகிதம் கொண்டு வந்தாங்க. கவுன்சிலர் அம்மா, இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை பாக்கறவங்க, ஒரு மஞ்சள் ஹைலைட்டர எடுத்துட்டு பேங்க் ஸ்டேட்மெண்ட்ல ஒவ்வொரு வரியா இறங்கினாங்க. ஒரு இடத்துல நிறுத்தி, "இந்த 900 டாலர் கேஷ் டெபாசிட் எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "அது என் சர்ச் பொண்ணுங்களோட போடற சூசூ பணம்"னு பதில். சூசூன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம ஊர் சீட்டுதான், கரீபியன்ல இருந்து வந்தவங்க, மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க எல்லாரும் இங்க போடறாங்க, பத்து பேர் சேந்து மாசாமாசம் போட்டு ஒவ்வொரு மாசம் ஒருத்தர் எடுத்துக்கறது. எனக்கு சட்டுனு எங்க தெருவுல சீட்டு பிடிச்ச அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. எவ்வளவு ஒழுக்கமா சேத்த பணம் அது! ஆனா லோன் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற அண்டர்ரைட்டருக்கு அது எங்க இருந்து வந்ததுன்னு தெரியாத பணம், தெரியாத பணத்த டவுன் பேமெண்டுல சேக்க மாட்டாங்க. கவுன்சிலர் அம்மா சொன்ன வழி ரொம்ப எளிமையானது. அடுத்த தடவை சீட்டு எடுத்தா உடனே பேங்க்ல போட்டுடுங்க, அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாச ஸ்டேட்மெண்ட்ல அது அசையாம இருக்கட்டும், முடி பின்னற வருமானத்த டாக்ஸ் ரிட்டர்ன்ல காட்டுங்க, ரெண்டு வருஷம் காட்டினா அது வருமானமா கணக்குல ஏறும். இந்த ரெண்டு வாக்கியத்த யாராவது அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா அவங்க அப்பவே வீடு வாங்கியிருப்பாங்க.

அதே டப்பாவுல ஒரு ஆஸ்பத்திரி பில் கட்டாம வசூல் கம்பெனிக்கு போனது, தம்பிக்கு காருக்கு கையெழுத்து போட்ட லோன், ரெண்டும் இருந்துச்சு. தம்பி கட்டற காசு இவங்க கடன் கணக்குல நிக்குது. தம்பி தன்னோட அக்கவுண்ட்ல இருந்தே 12 மாசம் கட்டின ரசீத காட்டினா பல லோன்கள்ல அத கழிச்சுக்கலாம்னு அந்த அம்மா சொன்னப்போ அவங்க முகத்துல வந்த தெளிவ நான் பாத்தேன். இதுல ஒரு பைசா மானியம் கிடையாது. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு சொன்னதுதான். வசதியான வீட்டு பிள்ளைங்களுக்கு இத அப்பா சொல்வாரு, மாமா சொல்வாரு, தெரிஞ்ச வக்கீல் சொல்வாரு. குடும்பத்துல யாருமே வீடு வாங்காதவங்களுக்கு யாரு சொல்வா?

யாருமே வாங்காததுக்கு காரணம் இருக்கு, அதையும் சொல்லாம இருக்க முடியாது. 1933ல ஆரம்பிச்ச ஹெச்.ஓ.எல்.சி.ங்கற மத்திய அரசு நிறுவனம் ஊர் ஊரா மேப் போட்டு கருப்பின மக்கள் இருக்கற பகுதிகள சிவப்பு கலர் அடிச்சு ஆபத்துன்னு குறிச்சுச்சு, 1934ல வந்த எஃப்.ஹெச்.ஏ.வும் அதே மனசோடதான் லோனுக்கு உத்தரவாதம் குடுத்துச்சு. ஒரு தலைமுறை வெள்ளைக்கார குடும்பங்கள் அரசு உத்தரவாதத்துல வீடு வாங்கி அந்த சொத்த பிள்ளைங்களுக்கு விட்டுட்டு போனாங்க, பக்கத்து தெருவுல இருந்தவங்க வாடகை கட்டிட்டே செத்துப் போனாங்க. 1968ல வீட்டு விஷயத்துல பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, 1977ல பேங்குங்க தங்களோட ஏரியாவுல வருமானம் கம்மியா இருக்கற பகுதிகளோட கடன் தேவையயும் கவனிக்கணும்னு கம்யூனிட்டி ரீஇன்வெஸ்ட்மெண்ட் சட்டம் வந்துச்சு. சட்டம் வந்ததும் பேங்க் கதவு தானா தொறந்துடல, தட்டினவங்க இருந்தாங்க.

அப்படி தட்டினவங்கள்ல ஒருத்தங்க டோரதி மே ரிச்சர்ட்சன். பிட்ஸ்பர்க் நகரத்துல சென்ட்ரல் நார்த் சைட்ல இருந்த சாதாரண குடும்பத்தலைவி. அவங்க தெரு வீடுகள இடிச்சுட்டு வேற கட்டறோம்னு நகரத்துக்காரங்க கிளம்பினப்போ, எங்க வீட்ட இடிக்க வேண்டாம், ரிப்பேர் பண்ண கடன் குடுங்கன்னு அக்கம்பக்கத்த சேத்துட்டு பேங்க்காரங்கள கூட்டிட்டு வந்து தெருத்தெருவா காட்டினாங்க. 1968ல அது நெய்பர்ஹுட் ஹவுசிங் சர்வீசஸ்னு ஒரு அமைப்பாச்சு. பத்து வருஷம் கழிச்சு 1978ல அமெரிக்க காங்கிரசே அந்த மாதிரிய நாடு முழுக்க கொண்டு போக ஒரு நிறுவனத்த சட்டம் போட்டு உருவாக்குச்சு, அதுதான் இன்னிக்கு நெய்பர்வொர்க்ஸ் அமெரிக்கா, அதுக்கு கீழ இருநூறுக்கும் மேல உள்ளூர் அமைப்புகள் வேலை பாக்குது. ஒரு தெருவுல குடியிருந்த பொம்பளைங்க ஆரம்பிச்சது!

இப்போ ஜார்ஜியாவுக்கு வர்றேன், ஏன்னா இந்த மாநிலத்தோட தென்மேற்கு மூலையிலதான், ஒருத்தர் இடத்துல இருந்து இன்னொருத்தர் இடத்துக்கு கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடற தூரத்துல, ரெண்டு பெரிய யோசனை பொறந்துச்சு. இங்க இத்தன தமிழ் குடும்பங்கள் இருக்கோம், இது எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல.

முதல்து அமெரிக்கஸ் ஊர் பக்கம் இருக்கற கொய்னோனியா பண்ணை. 1942ல கிளாரன்ஸ் ஜோர்டன்னு ஒரு பாப்டிஸ்ட் பாதிரியாரும் நண்பர்களும் ஆரம்பிச்சது, கருப்பர் வெள்ளையர் ஒண்ணா உழைச்சு ஒரே மேசையில சாப்பிடற இடம். 1950கள்ல அந்த ஒரு காரணத்துக்காகவே அவங்க மேல துப்பாக்கியால சுட்டாங்க, ரோட்டோர கடைய வெடி வெச்சு தகர்த்தாங்க, ஊர்ல யாரும் அவங்களுக்கு விக்கவும் மாட்டோம் வாங்கவும் மாட்டோம்னு ஒதுக்கி வெச்சாங்க, அவங்க பீக்கான் கொட்டைய தபால்ல வித்து பொழைச்சாங்க. அங்க மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர்னு ஒரு தம்பதி வந்தாங்க, முப்பது வயசுக்குள்ள மில்லியன் சம்பாதிச்சு அத்தனையும் விட்டுட்டு வந்தவங்க. 1968ல ஜோர்டனும் ஃபுல்லரும் சேந்து 42 மனை பிரிச்சு, மானுடத்துக்கான நிதின்னு ஒண்ணு வெச்சு, சுத்தியிருந்த குடிசைகள்ல இருந்த விவசாயக் கூலி குடும்பங்களுக்கு வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. லாபம் கிடையாது, வட்டி கிடையாது, அவங்க திருப்பி கட்டற பணம் அடுத்த வீட்டுக்கு. ஜோர்டன் 1969ல முதல் வீடு முடியறதுக்கு முன்னாடியே இறந்துட்டாரு. ஃபுல்லர் குடும்பம் ஆப்பிரிக்காவுல ஜயர் நாட்டுல (இப்போ காங்கோ) போய் அதே மாதிரி கட்டிப் பாத்துட்டு திரும்பி வந்து 1976ல ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டிய தொடங்கினாங்க. பக்கத்து ஊர் பிளெய்ன்ஸ்காரரான முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1984ல இருந்து சுத்தியல எடுத்ததால உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. 2019ல அவருக்கு 95 வயசு, வீட்ல விழுந்து நெத்தியில தையல் போட்ட அன்னிக்கே கண்ணு கருத்துப் போன முகத்தோட நாஷ்வில்லுக்கு கிளம்பி வந்து நின்னாரு.

ஹேபிடட்ல வீடு சும்மா குடுக்கறதில்ல. பலரும் தானம்னு நினைச்சுட்டு இருக்காங்க. மூணு விஷயம் பாப்பாங்க: இப்போ இருக்கற இடம் சரியில்லையா, எங்களோட சேந்து உழைக்க தயாரா, கடன திருப்பி கட்ட வருமானம் இருக்கா. உழைப்பு ரொம்ப முக்கியம், சில நூறு மணி நேரம் அவங்களே வேலை பாக்கணும், ஊருக்கு ஊர் கணக்கு மாறும். என் பக்கத்துல ஏணி பிடிச்சுட்டு இருந்த ஒரு டிரைவர் அண்ணன், அன்னிக்கு அவர் ஆணி அடிச்சுட்டு இருந்தது அவர் வீடு கூட இல்ல, ரெண்டு வீடு தள்ளி வரப்போற குடும்பத்தோட வீடு. சைடிங் பலகைய எங்க அளந்து வெட்டணும், ஜன்னல் ஓரத்துல தண்ணி இறங்காம காக்ங்கற பசைய எப்படி பூசணும்னு எனக்கு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. நாளைக்கு அவர் வீட்ல ஜன்னல் ஒழுகினா ஆள் கூப்பிட வேண்டியதில்ல. குடி வர்றதுக்கு முன்னாடியே அந்த தெருவுல எல்லாரும் எல்லாருக்கும் பழக்கம் வேற.

ஆனா ஹேபிடட்டோட நிஜமான பலம் வட்டியிலதான். 2,00,000 டாலர் கடன் 30 வருஷத்துக்கு 7 சதவீத வட்டியில எடுத்தா மாசம் சுமார் 1,330 டாலர். வட்டியே இல்லைன்னா 556 டாலர். முப்பது வருஷத்துல வட்டி மட்டுமே சுமார் 2,79,000 டாலர், வாங்கின கடன விட அதிகம்! எல்லா ஊர் ஹேபிடட்டும் முழுக்க வட்டியில்லாம குடுக்கறதில்ல, சில இடத்துல ரொம்ப குறைஞ்ச வட்டி, ஆனா மாசத் தவணை வருமானத்துல 30 சதவீதத்த தாண்டக் கூடாதுங்கறது பொதுவான அளவு. சந்தை விலைக்கும் இவங்க கட்ட வேண்டிய கடனுக்கும் நடுவுல இருக்கற தொகைய பல இடத்துல ரெண்டாவது அடமானமா எழுதி வெச்சிடுவாங்க, அதுக்கு தவணை கிடையாது, வருஷம் ஆக ஆக கழிஞ்சுடும். அது எதுக்குன்னா, வாங்கின மறு வருஷமே எவனாவது வந்து ஆசை காட்டி எழுதி வாங்கிட்டு போயிடக் கூடாதுன்னுதான்.

ரெண்டாவது யோசனை அமெரிக்கஸுக்கு தெற்க, லீ கவுண்டில. இதுல நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு. 1951ல போச்சம்பள்ளில வினோபா பாவே ஆரம்பிச்ச பூதானம், அப்புறம் ஊர் நிலமெல்லாம் ஊருக்கே சொந்தம்ங்கற கிராமதானமா வளந்துச்சு, தமிழ்நாட்டுல ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதுக்காக ஊர் ஊரா நடந்தாங்க. இந்தியாவுல சில வருஷம் இருந்த ரால்ஃப் போர்சோடி, அவரோட சேந்த ராபர்ட் ஸ்வான்னு ரெண்டு அமெரிக்கர்கள் இந்த கிராமதான யோசனைய கையில எடுத்துட்டு போனாங்க. இங்க ஜார்ஜியாவுல, அல்பனி ஊர்ல கருப்பின மக்களோட உரிமைக்காக போராடிட்டு இருந்த சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் எல்லாரும் வேற ஒரு கவலையில இருந்தாங்க. ஓட்டு போட பேர் பதிஞ்ச குத்தகை விவசாயிய பண்ணையார் ராத்திரியோட ராத்திரியா வீட்ட விட்டு துரத்திடறாரு, நிலம் சொந்தமா இல்லாத வரைக்கும் உரிமை நிக்காது. 1968ல இஸ்ரேல் போய் அங்க நிலத்த குத்தகைக்கு விடற முறைய பாத்துட்டு வந்தாங்க. 1969, 70 வாக்குல லீ கவுண்டில கிட்டத்தட்ட 5,700 ஏக்கர் வாங்கி நியூ கம்யூனிட்டிஸ்னு தொடங்கினாங்க. அமெரிக்காவோட முதல் கம்யூனிட்டி லேண்ட் ட்ரஸ்ட், அதாவது நிலத்த அமைப்பு பேர்ல பொதுவா வெச்சுட்டு குடும்பங்களுக்கு குத்தகைக்கு விடற முறை.

அது நிலைக்கல. வீடு கட்ட எதிர்பாத்த மத்திய அரசு பணம் மாநிலத்தோட எதிர்ப்பால வரல. வறட்சி வந்தப்போ வெள்ளைக்கார விவசாயிகளுக்கு கிடைச்ச அவசர கடன் இவங்களுக்கு கிடைக்கல, 1985ல நிலம் ஜப்தி ஆகி போயிடுச்சு. பாகுபாடு நடந்தது உண்மைதான்னு தீர்ப்பாகி 2009ல சுமார் 1.2 கோடி டாலர் நஷ்ட ஈடு வந்துச்சு. அத வெச்சு சார்லஸ் ஷெராடும் மனைவி ஷர்லி ஷெராடும் 2011ல அல்பனி பக்கத்துல அடிமைகள் உழைச்ச ஒரு பழைய பிளான்டேஷன, 1,600 ஏக்கருக்கு மேல, அமைப்பு பேர்ல வாங்கினாங்க. இத படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அவங்க விதைச்சது வேற ஊர்ல முளைச்சுச்சு. வெர்மான்ட் மாநிலத்துல பர்லிங்டன் நகரம், பெர்னி சாண்டர்ஸ் மேயரா இருந்தப்போ, 1984ல நகரமே 2,00,000 டாலர் போட்டு ஒரு லேண்ட் ட்ரஸ்ட் ஆரம்பிச்சுச்சு. இப்போ அதுக்கு பேர் சாம்ப்ளெய்ன் ஹவுசிங் ட்ரஸ்ட். முறை இதுதான்: நிலம் ட்ரஸ்டோடது, வீடு உங்களோடது, நிலத்துக்கு நீண்ட கால குத்தகை, பொதுவா 99 வருஷம்னு வெப்பாங்க, பிள்ளைங்களுக்கும் போகும். நிலத்தோட விலைய கழிச்சுட்டதால 3,00,000 டாலர் வீட்ட நீங்க 2,00,000க்கு வாங்கலாம்னு வெச்சுக்கோங்க. பத்து வருஷம் கழிச்சு மதிப்பு 60,000 ஏறியிருந்தா பர்லிங்டன் முறையில அதுல கால் பங்கு, 15,000, உங்களுக்கு. அதோட இத்தன வருஷம் அசல்ல கட்டினது, 7 சதவீத வட்டி கணக்குல ஒரு 28,000. மொத்தம் 43,000 டாலரோட வெளிய வர்றீங்க. அடுத்த குடும்பம் அதே வீட்ட 2,15,000க்கு வாங்குது. ஒரு தடவ போட்ட மானியம் ஒவ்வொரு குடும்பமா கை மாறி போயிட்டே இருக்கும்.

இதுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கு, அத லேசா தள்ளிட முடியாது. எங்க கவுன்சிலர் அம்மாவே ஒரு நாள் சொன்னாங்க, "எங்க தாத்தாவ வாங்கவே விடல, இப்போ வாங்க விட்டுட்டு லாபம் மட்டும் கால் பங்குதான் எடுக்கணும்னா, வெள்ளைக்காரன் வீட்டுக்கு யாரும் அப்படி எல்லை போடலையே"ன்னு. நியாயமான கேள்வி. நான் ரொம்ப யோசிச்சேன். வேற வழியே இல்லாம வாடகையிலேயே இருக்கறவங்களுக்கு 43,000 டாலர் சின்ன தொகை இல்ல, வாடகையில பத்து வருஷம் இருந்தா கையில வர்றது பூஜ்யம். ஆனா முழு மதிப்பும் ஏறற வீட்ட வாங்க வழி இருக்கறவங்கள ட்ரஸ்ட் பக்கம் தள்ளக்கூடாது, அது அவங்க முடிவா இருக்கணும். விலை தாறுமாறா ஏறிட்டு இருக்கற பகுதியில, இங்க அட்லாண்டாவுல பழைய ரயில் தடத்த நடைபாதையா மாத்தின பெல்ட்லைன் வந்ததுக்கப்புறம் அத சுத்தி ஏறின மாதிரி இடத்துல, பழைய ஆளுங்க ஊர விட்டு போகாம இருக்க எனக்கு தெரிஞ்சு லேண்ட் ட்ரஸ்ட விட நல்ல வழி இல்ல.

நான் லேண்ட் ட்ரஸ்ட் பக்கம் சாயறதுக்கு இன்னொரு காரணம் 2008 அனுபவம். வீட்டுக்கடன் சரிஞ்சு லட்சக்கணக்கான குடும்பம் ஆடிப்போனப்போ, 2010 கடைசியில எடுத்த கணக்குல சந்தையில இருந்த சாதாரண வீட்டுக்கடன்கள்ல 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில இருந்துச்சு, லேண்ட் ட்ரஸ்ட் வீடுகள்ல 0.46 சதவீதம். பத்துல ஒரு பங்கு! இத்தனைக்கும் லேண்ட் ட்ரஸ்ட்ல இருக்கறவங்க வருமானம் கம்மி. ஏன்னு பாத்தா பெரிய மந்திரம் எதுவும் இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி அகலக்கால் வைக்க விடல, கண்ட கண்ட லோன் எடுக்க விடல, ஒரு மாசம் தவணை தவறினா ட்ரஸ்டுக்கு தகவல் வந்துடும், அவங்க போன் பண்ணி என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. வேலை போச்சா, உடம்பு சரியில்லையா, பேங்க்கிட்ட நாங்க பேசறோம். அவ்வளவுதான்.

நாகான்னு இன்னொரு அமைப்பு, பாஸ்டன்ல புரூஸ் மார்க்ஸ் 1988ல ஆரம்பிச்சது, பேங்குங்களோட சண்டை போட்டே வளந்தது. டவுன் பேமெண்ட் இல்ல, க்ளோசிங் காஸ்ட் இல்ல, மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் இல்ல, கிரெடிட் ஸ்கோர் பாக்கறதில்ல, அதுக்கு பதிலா வாடகை, பில் எல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கீங்களான்னு பாக்கறாங்க. அட்லாண்டா மாதிரி ஊர்கள்ல அவங்க நிகழ்ச்சிக்கு கூட்டம் அலை மோதும். பேப்பர் வேலை ரொம்ப ஜாஸ்தி, மாசக்கணக்குல இழுக்கும், பொறுமை இல்லாதவங்க பாதியில விட்டுடறாங்க. பொறுமை இருக்கறவங்களுக்கு இத விட நல்ல லோன் சந்தையில கிடையாதுன்னு தைரியமா சொல்வேன்.

சாவி வாங்கினதுக்கு அப்புறம் வர்றதுதான் நான் ஆரம்பத்துல சொன்ன மீதி தூரம். முதல் வருஷம் எல்லாம் நல்லா போகும். ரெண்டாவது வருஷம் லோன் கம்பெனில இருந்து ஒரு கடிதம் வரும், மாசத் தவணை 1,050ல இருந்து 1,290 ஆயிடுச்சுன்னு. நிலையான வட்டின்னுதானே சொன்னீங்கன்னு பதறிடுவாங்க. வட்டி மாறல, எஸ்க்ரோ, அதாவது டாக்சுக்கும் இன்ஷூரன்சுக்கும் தவணையோட சேத்து வாங்கி வைக்கற பணம், மாறிடுச்சு. புது வீடுன்னா முதல் வருஷ பிராப்பர்டி டாக்ஸ் பல நேரம் காலி மனைக்கு மட்டும் போட்டிருப்பாங்க, ரெண்டாவது வருஷம் வீட்டோட சேத்து வரும், போன வருஷம் குறைஞ்ச பணத்தயும் சேத்து கேப்பாங்க. பள்ளிக்கூட சமையலறை வேலைக்காரங்களுக்கு மாசம் 240 டாலர்ங்கறது சாப்பாட்டு செலவு. இந்த கடிதத்த பிரிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு தவணைய விடறவங்கதான் அப்புறம் ரெண்டு, மூணுன்னு போய் வீட்டயே விடறாங்க. ஷூ டப்பா கொண்டு வந்தவங்களுக்கும் இந்த கடிதம் வந்துச்சு, அவங்க நேரா கவுன்சிலர் அம்மாவுக்கு போன் பண்ணாங்க. பற்றாக்குறைய 12 மாசமா பிரிச்சு கட்ட வெச்சாங்க, டாக்ஸ் பில்ல எடுத்து பாத்தா, சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு டாக்ஸ குறைக்கற ஹோம்ஸ்டெட் விலக்கு போடவே இல்ல, அடுத்த ஃபிப்ரவரில அப்ளை பண்ண வெச்சு அதுக்கடுத்த பில் இறங்குச்சு.

அதே நேரத்துல தபால் பெட்டியில வேற கார்டு வரும், உங்க வீட்ட ரொக்கத்துக்கு வாங்கிக்கறோம், ரிப்பேர் தேவையில்ல, ஒரே வாரத்துல பணம்னு. 2008க்கு அப்புறம் அட்லாண்டாவ சுத்தி தனி வீடுகள பெரிய முதலீட்டு கம்பெனிகள் ஆயிரக்கணக்குல வாங்கி வாடகைக்கு விட்டிருக்காங்க, முதல் வீடு வாங்கறவங்க பாக்கற அதே விலை வீடுதான் அவங்களும் பாக்கறது. எஸ்க்ரோ கடிதமும் இந்த கார்டும் ஒரே வாரத்துல வந்தா நெஞ்சு உறுதி இருக்கறவங்களே ஆடிடுவாங்க.

இந்த அமைப்புகளால எவ்வளவு முடியும்னா, ரொம்ப இல்ல. ஒரு ஊர் ஹேபிடட் ஒரு வருஷத்துல கட்டறது கொஞ்சம் வீடுதான், தன்னார்வலர் உழைப்பு கூலிய குறைக்கும், மனை விலைய குறைக்காது. 2022ல மெக்கன்சி ஸ்காட்னு ஒரு பெரும் பணக்காரங்க ஹேபிடட்டுக்கும் 84 உள்ளூர் கிளைகளுக்கும் 43.6 கோடி டாலர் குடுத்தாங்க, அப்படி பெரிய மனசு எப்பவோ ஒரு தடவதான் வரும். எனக்கு தாங்க முடியாத கோவம் கவுன்சிலிங் பண விஷயத்துலதான். வீடு கட்டினா திறப்பு விழா நடத்தலாம், ரிப்பன் வெட்டலாம், ஒருத்தங்க வீட்ட இழக்காம இருந்ததுக்கு யாரும் விழா எடுக்கறதில்ல, அதனால பட்ஜெட்ல முதல்ல வெட்டு விழறது இதுலதான். 2011 பட்ஜெட்ல, நாடு முழுக்க ஜப்தி நடந்துட்டு இருந்த நேரத்துல, ஹட் கவுன்சிலிங்குக்கு இருந்த 8.75 கோடி டாலர காங்கிரஸ் மொத்தமா எடுத்துடுச்சு, அடுத்த வருஷம் பாதியளவுதான் திரும்ப வந்துச்சு. அனுபவம் இருந்தவங்க பலர் அந்த ஒரு வருஷத்துல வேற வேலைக்கு போயிட்டாங்கன்னு எங்க கவுன்சிலர் அம்மா இன்னிக்கும் சொல்வாங்க.

நம்ம ஆளுங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தமிழ்ச் சங்கத்துல, கோயில்ல, ஆபீஸ்ல கணக்கு தெரிஞ்சவங்க, லோன் வேலை பாத்தவங்க, டாக்ஸ் ரிட்டர்ன் போடத் தெரிஞ்சவங்க எத்தன பேர் இருக்கோம். சனிக்கிழமை சுத்தியல் பிடிக்கறது நல்ல விஷயம், போங்க, ஆனா கவுன்சிலிங் ஏஜென்சிக்கு போன் பண்ணி ஸ்டேட்மெண்ட் படிக்க ஆள் வேணுமான்னும் கேளுங்க, பெரும்பாலும் வேணும்னுதான் சொல்வாங்க. நம்ம நடுவுலயும் எல்லாரும் ஐ.டி. கிடையாது, மளிகைக் கடையில, ஹோட்டல் சமையல்ல, டேகேர்ல வேலை பாக்கறவங்க வருஷக்கணக்கா வாடகையில இருக்காங்க, கேட்டா கௌரவக் குறைச்சல்னு சொல்லாம இருக்காங்க. அவங்ககிட்ட ஹட் அங்கீகாரம் இருக்கற ஏஜென்சிய தேடிப் போகச் சொல்லுங்க, பணம் முன்னாடியே கேக்கற ஆளுங்ககிட்ட போக வேண்டாம்னு சொல்லுங்க. ஏற்கனவே வாங்கிட்டவங்களா இருந்தா, ஜார்ஜியாவுல ஹோம்ஸ்டெட் விலக்குக்கு அப்ளை பண்ண வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 1, போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.